மெய்யநாதனுக்கு மீன் கிடையாது

காரைக்குடியில் முத்தரசின் வளர்ப்பு மீன் கடைக்கு யார் போனாலும் மீன் கிடைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். வெயிலுக்கு ஒதுங்கி, சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஒன்றை வாங்கிப் போகிறவருக்கும் கிடைக்கும். அமராவதிபுதூர் மெய்யநாதனுக்கு மட்டும் கிடையாது என்று ஆவணி மாதம் முதல் தேதி முத்தரசு முடிவாகச் சொல்லிவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஆறு மாதத்தில் முப்பத்தொரு மீன் மெய்யநாதன் வீட்டுக்குப் போயிருந்தது. முப்பத்தொன்றும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மெய்யநாதன் பாங்கில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தோரு வயது. எறும்பைக்கூட ஊதித் தள்ளிவிட்டுத்தான் உட்காருவார். ரத்த அழுத்தம் கூடுகிறது, தினமும் அரை மணி நேரம் மீன் பாருங்கள், இறங்கும் என்று டாக்டர் சொன்னதால்தான் தொட்டியே வாங்கினார். பார்த்தார். மீன் செத்தது. அழுத்தம் ஏறியது. டாக்டர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக மீன் பார்க்கச் சொன்னார்.

குற்றமெல்லாம் தண்ணீருடையது. அந்த வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் லேசுப்பட்ட தண்ணீர் இல்லை. அதில் துவைத்துக் காயவைத்த வேட்டி மடங்காது, நிற்கும். ஒரு தடவை இரண்டு வேட்டிகளைத் தூணோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சமையல் செய்யும் கல்யாணசுந்தரி இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அந்தத் தண்ணீரில் விட்ட முதல் தங்கமீன் மூன்றாம் நாள் கனத்துப்போய் அடியில் உட்கார்ந்தது. எடுத்துத் தரையில் வைத்தபோது டங்கென்று கேட்டது. இன்னொன்று தொட்டியை விட்டுக் குதித்து, வீட்டு நடுவில் திறந்து கிடக்கும் வளவு முற்றத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டு வரை போயிருந்தது. கிணற்றுக்கும் அதற்கும் நாலடிதான் பாக்கி. அதைத் தூக்கி வந்த நாளில் மெய்யநாதன் சாப்பிடவில்லை.

"ஐயா, கோவிச்சுக்கிடாதீக. ஒங்களுக்கு மீன் குடுக்க எனக்கு மனசு வரல" என்றார் முத்தரசு.

"காசு குடுத்துத்தானப்பா வாங்குறேன்?"

"கசாப்புக் கடையிலயும் காசு குடுத்துத்தான் வாங்குறாக. அங்குட்டுப் போங்க."

"சரி. நான் திருப்பத்தூர்ல வாங்கிக்கிறேன்."

"சொல்லி வச்சுட்டேன். தேவகோட்டையிலயும் சொல்லியாச்சு. பேரு மட்டும் சொன்னா மாத்திச் சொல்லிருவீகன்னு போட்டோவும் அனுப்பிருக்கேன்."

"எந்தப் போட்டோ?"

"ஒங்க எழுவதாங் கல்யாணத்துல எடுத்தது. மாலையோட இருக்கீகளே."

"அதுல கண்ணை மூடியிருப்பேனேப்பா" என்றார் மெய்யநாதன். "அனுப்புறதுதான் அனுப்புன, நல்லதா ஒண்ணு கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல?"

முத்தரசுக்கு அந்த வார்த்தையில் என்னவோ ஆகிவிட்டது. கண்ணாடித் தொட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். மெய்யநாதனை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒரே ஒரு ஜோடி" என்றார். "நானே கொண்டாந்து நானே எறக்குவேன். எட்டாம் நாள் வந்து பாப்பேன். ரெண்டும் உசிரோட இருந்தா, அப்பறம் நீங்க கேக்குறப்பல்லாம் மீன். ஒண்ணு கொறைஞ்சாலும் தொட்டியத் தூக்கிட்டுப் போயிருவேன். சம்மதமா?"

மெய்யநாதன் சம்மதித்தார். வெளியே வந்து மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவது பஸ்ஸில்தான் ஏறினார். பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க அவ்வளவு நேரம் பிடித்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முத்தரசு சிறிய சரக்கு வண்டியில் வந்து இறங்கினார். பெண்ணை முதன்முதலாகக் கொண்டுவந்து விடுகிற வீட்டாரைப் போலத்தான் வந்தார். கூழாங்கல் ஒரு மூட்டை, செடி ஒரு கட்டு, நாலு பெரிய கேன்களில் கடைத் தண்ணீர், ஒரு வாளி, சுருட்டிய மெல்லிய குழாய். கடைசியாக, பிளாஸ்டிக் பைக்குள் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு தங்கமீன்கள். பெரியதன் வாலில் இடப்பக்கம் சின்னதாக ஒரு கிழிசல். வீட்டை ஏறிட்டுப் பார்த்தார். எண்பது ஜன்னல் இருக்கிற வீட்டில் மீனுக்கு நிழலாக ஓர் இடம் கேட்டார்.

மெய்யநாதனின் மனைவி சாலா நிலைப்படியில் நின்று "வாங்க" என்றாள் முத்தரசிடம். பிறகு குனிந்து பையைப் பார்த்து அதே குரலில் இன்னொரு தடவை சொன்னாள். முன்கட்டிலிருந்து கல்யாணசுந்தரி வந்து சொன்னாள். வளவின் எதிர்ப் பாதியில் குடியிருக்கும் பங்காளி லட்சுமணன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்து சொன்னார். அந்த ஊரில் வீட்டுக்கு வந்தவர்களை ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் விட்டுப்போனாலும் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நின்றுபோகும்.

முத்தரசு தொட்டியைக் கழுவி, மூன்று பங்கு கடைத் தண்ணீரும் ஒரு பங்கு குழாய்த் தண்ணீருமாகக் கலந்து ஊற்றினார். கட்டிய பையை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டார்.

"இப்பிடியே இருவது நிமிசம். ரெண்டு தண்ணியோட சூடும் ஒண்ணாகணும்."

அப்புறம் பையைப் பிரித்து, மீனையும் அதன் தண்ணீரையும் வாளியில் விட்டார். குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் போட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி, நடுவில் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கினார். தொட்டித் தண்ணீர் வாளிக்குள் சொட்டியது.

"நொடிக்கு ரெண்டு சொட்டு, ரெண்டு மணி நேரம். நமக்கு ஊரு மாறுனா தொண்டை கட்டிக்கிருதுல்ல? இதுகளுக்கு ஒடம்பு முழுக்கத் தொண்டைதான். ஒரேயடியாத் தூக்கி விட்டீகன்னா அன்னிக்கு நல்லாத்தான் நீந்தும். மறுநாள் மெதக்கும். நீங்க இம்புட்டு நாளும் செஞ்சது அதுதான்."

மெய்யநாதன் ஒத்துக்கொண்டார்.

"அப்பறம் ஆச்சி, நீங்களும் கேட்டுக்கங்க. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் ஒரு பருக்கை உள்ள விழக்கூடாது. மிரண்டு போயிருக்குற மீனு தின்னா செரிக்காது. தின்னாம விட்டாலும் தண்ணி கெட்டுப்போயிரும்."

சாலாவின் முகம் மாறியது.

"வந்த அன்னிக்கேவா பட்டினி?"

"பட்டினியில்ல ஆச்சி. ஓய்வு."

"ஓய்வெடுக்குறவுக சாப்புட்டு எடுக்கக்கூடாதா?"

அவளுடைய கட்சி அவளுக்கு. ஐம்பது வருஷமாக அந்த வீட்டுக்குள் வந்த எதுவும் சாப்பிடாமல் இருந்ததில்லை. ஒரு வருஷம் வளவுக்குள் சாரைப் பாம்பு புகுந்துவிட்டது. பிடிக்க வந்தவருக்கு இலை போட்டு ஏழு காய் வைத்தாள். அவர் கிளம்பும்போது சாக்கைக் கொஞ்சம் அவிழ்க்கச் சொல்லி, உள்ளே ஒரு முட்டையைப் போட்டாள். மறுவாரம் அந்தப் பாம்பு அதுவாகவே திரும்பி வந்தது.

முத்தரசுக்குக் கடையிலிருந்து போன் வந்தது. சொட்டைக் கவனிக்கும் பொறுப்பை மெய்யநாதனிடம் விட்டு, வலையால் மீனைத் தூக்கி மாற்றுவது எப்படி என்று வெறும் கையால் நடித்துக் காட்டிவிட்டு, நாலு பணியாரத்தை நின்றபடியே விழுங்கிப் புறப்பட்டார்.

மெய்யநாதன் வாளியருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொட்டுகளை எண்ணினார். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வரை தப்பாமல் எண்ணினார். பாங்கில் பழகிய விரல். பகல் ஒரு மணிக்கு இரண்டு மீனும் தொட்டிக்குள் இறங்கின. ஒரு மூலையில் போய் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. மீன் தீனி டப்பாவை அவர் இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டார். இனி இந்த வீட்டில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர் நினைப்பு.

"வாயத் தொறந்து தொறந்து மூடுதுக" என்றாள் சாலா.

"மூச்சு விடுது."

"மூச்சு விடுறதுக்கு எதுக்கு என் மூஞ்சியப் பாக்குது?"

"சாலா, எட்டு நாள். எட்டே நாள். தயவுபண்ணி அங்குட்டுப் போ."

அவள் போனாள். மறுபேச்சுப் பேசாமல் போனாள். அதிலேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தபோது தொட்டியில் மீன் இல்லை. தொட்டியில் மோர் இருந்தது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்த பிறகுதான் மேல்மட்டத்தில் இரண்டு வாய்கள் தெரிந்தன. இரண்டும் காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன.

மெய்யநாதன் கத்தவில்லை. கத்தத் தெரியாது. வளவில் மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்து, கிளை மானேஜராக இருந்தபோது பேசிய குரலில் கேட்டார்.

"யாரு?"

"வெள்ளைப் பணியாரம்" என்றாள் சாலா. "முழுசா இல்ல. ஓரத்து முறுவலை மட்டும் கிள்ளிப் போட்டேன். ஒண்ணே ஒண்ணு. சாயந்தரம் எடைப்பலகாரத்துக்கும் ஒண்ணு. ராத்திரிக்கு இட்லி. அது மெதுவாத்தானே இருக்கும்?"

"ஆச்சி போட்டது எனக்குத் தெரியாதுங்கய்யா" என்றாள் கல்யாணசுந்தரி. "ரெண்டும் வாடிப் போயிருக்கேன்னு அவிச்ச முட்டையில மஞ்சக்கருவ உதுத்து விட்டேன். பிள்ளைகளுக்கு அதுதான குடுப்பாக?"

லட்சுமணன் தொண்டையைச் செருமினார். "அண்ணே, புதுசா வந்தவுகளப் பாக்க வெறுங்கையோட வரலாமா? நீங்களே சொல்லுங்க. ரெண்டு பிஸ்கட்டு. ஆளுக்கு ஒண்ணு."

"ரெண்டு மீனுக்கும் ஆளுக்கு ஒண்ணா!"

"சிறுசுக்குக் கொறைச்சுப் போட்டா அது நெனைக்கும்ல?"

மெய்யநாதன் கண்ணை மூடினார். அந்த நேரம் பார்த்து சாலா கேட்டாள்:

"நீங்க?"

"நான் என்ன?"

"இடுப்பு முடிச்சு நேத்து வலப்பக்கம் இருந்துச்சு. இன்னிக்கு எடப்பக்கம் இருக்கு."

வளவில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு எழுந்து போனது.

"ஒரு சிட்டிகை" என்றார் மெய்யநாதன். "நீ குளிக்கப் போனப்ப."

அதற்கப்புறம் யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. முத்தரசுக்குப் போன் செய்யலாம் என்றார் லட்சுமணன். செய்தால் அரை மணியில் வண்டி வரும், தொட்டி போகும். தண்ணீரை மாற்றித்தான் ஆக வேண்டும். முத்தரசு கொண்டுவந்த தண்ணீரில் மீதி ஒரு சொட்டுக் கிடையாது. குழாய்த் தண்ணீரை ஊற்றினால் மாலைக்குள் டங்கென்று கேட்கும்.

"மழைத்தண்ணி இருக்கே" என்றாள் கல்யாணசுந்தரி. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எல்லோரும் சாலாவைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காத மாதிரி தரையைப் பார்த்தார்கள்.

போன வாரம் பெய்த மழையில், வளவின் ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து விழுந்த தண்ணீரை ஒரு பெரிய செப்பு அண்டா நிறையப் பிடித்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி வைத்திருந்தாள் சாலா. அது பருப்புக்கான தண்ணீர். குழாய்த் தண்ணீரில் அந்த வீட்டில் துவரம்பருப்பு வெந்த சரித்திரம் இல்லை. குக்கரில் நாற்பது விசில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். திறந்தால் பருப்பு முன்னைவிடப் பளபளப்பாக இருக்கும். மழைத்தண்ணீரில் போட்டால் அடுப்பைப் பார்த்த உடனே குழைந்துவிடும். அந்த அண்டாத் தண்ணீரிலிருந்து ஒரு செம்பு கேட்டு, இளையாத்தங்குடியிலிருந்து வந்த சொந்தத் தங்கையே வெறுங்கையோடு போயிருக்கிறாள். அடுத்த மழை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

சாலா தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். இரண்டு வாய்களும் திறந்து திறந்து மூடின. இந்தத் தடவை அவள் அதற்கு அர்த்தம் சொல்லவில்லை.

"எடுத்துக்கங்க" என்றாள். "துணியை நனைக்காமக் கழட்டுங்க."

லட்சுமணன் உற்சாகமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மெய்யநாதன் மறித்தார்.

"மொத்தமா ஊத்துனா அதுலயே போயிரும்டா. இதுவும் வேற ஊருத் தண்ணிதான. நான் சொல்ற மாதிரி செய்யி."

நேற்று கேட்ட பாடத்தை அவர் மறக்கவில்லை. கெட்டுப்போன தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக் குழாய் வைத்து அடியிலிருந்து இறக்கினார். கிடந்த பணியார முறுவலை டீ வடிகட்டியால் அள்ளினார். ஒரு குடம் மழைத்தண்ணீருக்கு ஒரு செம்பு குழாய்த் தண்ணீர் என்று கலந்தார். வெறும் மழைத்தண்ணீர் மீனுக்கு ரொம்ப லேசாகப் போய்விடுமோ என்ற பயம். தொட்டியைவிட உயரமாக மர ஏணியின் மூன்றாம் படியில் குடத்தைக் கட்டி, குழாயில் முடிச்சைப் போட்டார். சொட்டியது.

காலை எட்டரை மணியிலிருந்து முறை வைத்துக் காவல் இருந்தார்கள். ஒருவர் சொட்டைப் பார்க்க, இன்னொருவர் அவரைப் பார்க்க. லட்சுமணன் முறையில் அவருடைய சட்டைப்பையைச் சோதனை போட்டார்கள். அரை பிஸ்கட் கிடைத்தது. தனக்கு வைத்திருந்தது என்றார். கல்யாணசுந்தரி சமையலையும் மறந்து முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு மணிக்கு எதிர்ப்பக்கத் தூண் தொட்டி வழியாக நிழலாகத் தெரிந்தது. மூன்று மணிக்குத் தூணில் அடித்த ஆணி தெரிந்தது. ஐந்து மணிக்குப் பெரிய மீன் மேல்மட்டத்தை விட்டுக் கீழே இறங்கி, ஒரு கூழாங்கல்லை வாயில் எடுத்து, பிடிக்காமல் துப்பியது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் மெய்யநாதன் அன்றைக்கு முதல் வாய் தண்ணீர் குடித்தார்.

மிச்ச நாட்களில் தொட்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் விழவில்லை. எப்படி என்றால், சாலா மீனுக்குப் போடத் தோன்றிய போதெல்லாம் அதை மெய்யநாதனுக்குப் போட்டாள். கந்தரப்பம், சீப்புச் சீடை, கவுனி அரிசி, திரும்பவும் கந்தரப்பம். ஆறு நாளில் மூன்றரைக் கிலோ ஏறினார். வாயைத் திறந்து மூச்சு விடவே யோசித்தார்.

அடுத்த புதன்கிழமை முத்தரசு வந்தார். நேராகத் தொட்டிக்குப் போய் உட்கார்ந்தார். இரண்டு மீனும் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடின. நிறம் ஏறி, நாட்டுக்கோழி முட்டையின் கரு மாதிரி இருந்தன. முத்தரசு வெகுநேரம் பார்த்தார்.

"இது என் மீனில்ல" என்றார்.

"என்னப்பா சொல்ற?"

"எங்க வாங்குனீக? புதுக்கோட்டையா? அங்க சொல்லி வைக்கல நான். என் மீனு செத்துருச்சு, இது வேற ஜோடி. ஐயா, ஒங்க வயசுக்கு இது நல்லால்ல."

மெய்யநாதன் தொட்டியின் கண்ணாடியில் விரலை வைத்தார். "வாலைப் பாரு" என்றார். "பெரிசோட வாலை."

முத்தரசு கண்ணாடியில் மூக்கை வைத்தார். மீன் திரும்புகிற வரை காத்திருந்தார். இடப்பக்கம், பாதி கூடிய கிழிசல் இருந்தது. சமையலறையிலிருந்து சாலா காப்பியோடு வந்தாள். வளையல் சத்தம் கேட்டதுமே இரண்டும் முத்தரசுக்கு முதுகைக் காட்டி அவள் பக்கம் பாய்ந்தன. முத்தரசின் முகம் கொஞ்சம் தொங்கியது. வளர்த்தவர் அவர்.

"மொத நாளு ஒண்ணும் போடலயே?" என்று கேட்டார், நிமிராமல்.

இல்லை என்று சொல்ல மெய்யநாதன் எட்டு நாளாகப் பயிற்சி எடுத்திருந்தார். குளியலறையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். வாயைத் திறந்ததும் வேறு வந்தது. "பணியாரம் ரெண்டு, இட்லி ஒண்ணு, முட்டைக் கரு, பிஸ்கட்டு ரெண்டு" என்றார். "அதோட ஒரு சிட்டிகை தீனி. தீனி நான் போட்டது."

லட்சுமணன் தலையில் கை வைத்தார். தொட்டி போச்சு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

முத்தரசு எழுந்து நின்றார். "இம்புட்டும் போட்டா ரெண்டும் இருக்கு?"

"தண்ணிய மாத்துனோம்."

"எந்தத் தண்ணி?"

சாலா அண்டாவைக் காட்டினாள். முத்தரசு துணியை விலக்கி, ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். அவர் நிற்கிற நிலையே மாறிப்போனது.

"ஐயா, சொன்னா சொன்னதுதான். மீன் தாரேன்" என்றார். "ஆனா ஒண்ணு. ஒங்க வீட்டுல வச்சுப் பழக்க வேணாம், அது யாருக்கும் ஆகாது. இந்தத் தண்ணியில ரெண்டு கேன் குடுங்க. நான் கடையில வச்சு இதுலயே பத்து நாளு பழக்கிட்டுக் கொண்டாறேன்."

அண்டாவில் மீதி இருந்ததே இரண்டு கேன் அளவுதான். அதைக் கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்பது மெய்யநாதனுக்குத் தெரியும். வளவுக்கு மேலே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சாலா வானத்தைப் பார்த்தாள். வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"ரெண்டு கேனுக்கு எத்தனை ஜோடி?" என்று முத்தரசிடம் கேட்டாள்.

"ஒரு ஜோடி, ஆச்சி."

"நாலு."

"ஆச்சி, தொட்டி தாங்காது."

"அப்ப மூணு. மூணும் தங்கமீனா வேணாம், அந்தக் கறுப்பா கண்ணு பிதுங்கி இருக்குமே, அதுல ஒரு ஜோடி. இவுகளுக்கு அதப் பாக்கணும்னு ஆசை, எங்கிட்டச் சொல்ல மாட்டாக."

முத்தரசு சரி என்றார். வண்டியிலிருந்து கேன்களைக் கொண்டுவந்தார். சாலா செம்பால் மொண்டு மொண்டு ஊற்றினாள். மெய்யநாதன் இரண்டு கையாலும் கேனின் வாயைப் பிடித்துக்கொண்டார். கேன் கனத்து ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு கை அளவு தண்ணீர் தளும்பித் தரையில் விழுந்தது.

சாலா ஊற்றுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள். கேனைத் தன் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு மறுபடியும் ஊற்றினாள்.